பழைய தையல் பெட்டியில் கிடைத்த சின்னப் படம்: இந்த இளம் அதிகாரி யார்?

பழையபெட்டி எழுதியது:

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் பக்கம் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்துவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். எனக்குத் தையல் பிடிக்கும் என்பதால் அவருடைய அம்மா வைத்திருந்த தையல் பெட்டியை எனக்குக் கொடுத்தார். மேல்தட்டில் நூல்கண்டுகள், ஊசிகள், ஒரு டப்பா நிறையப் பொத்தான்கள். அடித்தட்டைத் தூக்கினால் துணியில் சுற்றி ஒரு குட்டி ஆல்பம். பெரும்பாலான பக்கங்கள் காலி. நாலைந்து படங்கள்தான் மிச்சம்.

அதில் ஒன்றைப் பற்றித்தான் கேட்கிறேன். சீட்டுக்கட்டுச் சீட்டை விடக் கொஞ்சம் உயரமான கெட்டி அட்டை, அதன்மேல் மெல்லிய தாளில் ஒட்டிய பழுப்பு நிறப் படம். ராணுவ உடையில் ஓர் இளைஞர். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மெலிந்த முகம், வெளிர் நிற மீசை, தாடையில் கொஞ்சம் தாடி. கோட்டில் இரண்டு வரிசைப் பொத்தான்கள். அட்டையின் பின்பக்கம் பாஸ்டன், விப்பிள் என்று, படம் எடுத்தவர் பெயர் போல, அச்சடித்திருக்கிறது. அதன் கீழே பென்சிலில் "ஷா, வாக்னர்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு ஆரஞ்சு நிற 2 சென்ட் தபால்தலை, அதில் வாஷிங்டன் முகம். தலையின் மேல் மையால் இரண்டு எழுத்தும் "நவம்பர் 1864" என்றும் கிறுக்கியிருக்கிறது.

பாட்டியிடம் கேட்டேன். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய வம்சத்தில் யாராவது இருக்குமோ என்று யோசிக்கிறார். எட்டாவது படிக்கும் என் மகன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவர் ஏம்மா இவ்வளவு சோகமா இருக்கார்?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இவர் யார்? பாட்டிக்கு உறவாக இருக்க வாய்ப்பு உண்டா? தபாலில் போகாத படத்தின் முதுகில் எதற்குத் தபால்தலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகவாசி எழுதியது:

சகோதரி, இவர் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா. வடக்கு மாநிலங்களுக்கும் அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்கின் 54ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவின் தலைவர். அடிமை முறையை ஒழிக்கத் துடித்தவர். அதற்காகத் தானே முன்வந்து கறுப்பினத்தவரைத் திரட்டிப் படை அமைத்து, அவர்களோடு சேர்ந்து 1863 ஜூலையில் வாக்னர் கோட்டையில் உயிரை விட்டார். கையில் இருப்பது நல்ல பொக்கிஷம், பத்திரமாக வையுங்கள்.

பீக்கன்தெரு எழுதியது:

பெயரை நூலகவாசி சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் "தானே முன்வந்து" என்பது சரியில்லை. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாஸ்டனில் மாநில சட்டமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். எதிரே பூங்காவின் ஓரத்தில், பீக்கன் தெருவைப் பார்த்தபடி ஷாவின் நினைவுச்சின்னம் இருக்கிறது. பதினொரு வருடமாக, வெயில் காலத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கேதான் போய் உட்காருவேன். முதலிரண்டு வருடம் குதிரைமேல் இருப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவரைச் சுற்றி நடப்பவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் தலை விஷயம். அது தபால்தலை இல்லை, வரித்தலை. போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று வடக்கு அரசாங்கம் 1864 செப்டம்பர் 1 முதல் புகைப்படங்களுக்கும் வரி போட்டது. 1866 ஆகஸ்ட் வரைக்கும் அது இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட் தலை. விற்பவர் அதை ஒட்டி, மறுபடி பயன்படுத்த முடியாதபடி மேலே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். உங்கள் படத்தில் இருப்பது அதுதான்.

தேதியைக் கவனியுங்கள். ஷா இறந்தது 1863 ஜூலை 18. இந்தப் படம் விற்றது 1864 நவம்பரில். அவர் மண்ணுக்குள் போய் 16 மாதம் கழித்து யாரோ ஒருவர் கடைக்குப் போய், காசு கொடுத்து இந்தப் படத்தை வாங்கி வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெயர்பெற்றவர்களின் படங்களை இப்படிக் கடையில் வாங்கி, வீட்டு ஆல்பத்தில் சொந்தக்காரர்களின் படத்தோடு சேர்த்துச் செருகி வைப்பது வழக்கம். லிங்கன் படம் இல்லாத ஆல்பம் வடக்கில் குறைவு. அதனால் ஆல்பத்தில் இருப்பதாலேயே பாட்டிக்கு உறவு என்று சொல்லிவிட முடியாது. உறவாக இல்லாமல் இருந்தால்தான் எனக்கு இன்னும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. பார்த்தே இராத ஒருவரின் முகத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள விரும்பியிருக்கிறார்கள்.

மகன் கேட்ட சோகத்துக்கு ஒரு பாதி பதில் கேமராவில் இருக்கிறது. அப்போது படம் பதியச் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும், சிரித்தால் கலங்கிவிடும். அதனால் அந்தக் காலத்துப் படங்களில் எல்லோருமே இப்படித்தான் தெரிவார்கள். மறுபாதி பதிலுக்கு அவருடைய கதைக்குள் போக வேண்டும்.

1837 அக்டோபரில் பாஸ்டனில் பிறந்தவர். பெரிய பணக்காரக் குடும்பம். நான்கு பெண்களுக்கு நடுவே ஒரே பையன். அடிமை முறை ஒழிய வேண்டும் என்று தீவிரமாக உழைத்தவர்கள் அப்பா பிரான்சிஸும் அம்மா சாராவும்தான். பையனுக்கு அந்தத் தீவிரம் இல்லை. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் படித்தார், ஹார்வர்டில் சேர்ந்து பட்டம் வாங்காமலேயே வெளியே வந்தார், நியூயார்க்கில் மாமாவின் வணிக அலுவலகத்தில் வேலை பார்த்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. 1861இல் போர் மூண்டதும் உடனே சேர்ந்துவிட்டார். 2ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமென்டில் அவருக்கு நெருங்கிய நண்பர்கள் கிடைத்தார்கள். வின்செஸ்டர் சண்டையில் குண்டு ஒன்று சட்டைப்பையில் இருந்த கடிகாரத்தில் பட்டதால் பிழைத்தார். ஆன்டீட்டம் சண்டையில் வேகம் தணிந்த குண்டு ஒன்று கழுத்தில் பட்டது. சீடர் மலைச் சண்டையில் நண்பர்கள் பலர் செத்துப்போனார்கள். 25 வயதுக்குள் இத்தனையும் பார்த்தாகிவிட்டது.

1863 பிப்ரவரியில் அப்பா வர்ஜீனியாவில் இருந்த முகாமுக்கே வந்தார். கையில் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவின் கடிதம். வடக்கில் கறுப்பினத்தவரைக் கொண்டு முதல் ரெஜிமென்ட் அமைக்கப் போகிறோம், அதற்குக் கர்னலாக இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஷா முடியாது என்று சொல்லிவிட்டார். தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தோன்றியது, பழைய நண்பர்களை விட்டுப் போகவும் மனசில்லை. அப்பா திரும்பிப் போனார். அம்மா மனம் உடைந்துபோனார். ஷாவுக்கு மனசு கேட்கவில்லை. ஓரிரு நாளில் ஏற்றுக்கொள்கிறேன் என்று தந்தி கொடுத்தார். பிப்ரவரி 8ஆம் தேதி, திருமணம் செய்துகொள்ளப் போகும் ஆனி ஹேகர்ட்டிக்கு எழுதிய கடிதத்தில், முடிவெடுக்காமல் இருந்தபோது தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது, கோழையைப் போல உணர்ந்தேன் என்று சொல்கிறார். இந்த வரிக்காகத்தான் நான் அவரை மதிக்கிறேன். முதல் நாளே சரி என்று சொல்லியிருந்தால், அம்மா அப்பா பேச்சைக் கேட்ட பிள்ளை என்று நினைத்துக் கடந்து போயிருப்பேன்.

அவருடைய பழைய கடிதங்களில் கறுப்பினத்தவரைப் பற்றி இளக்காரமான வார்த்தைகள் உண்டு. அதை மறைத்து எழுதுவது சரியில்லை. பாஸ்டனுக்குத் தெற்கே ரெட்வில்லில் உள்ள மீக்ஸ் முகாமில் அவர் படையினருக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தபோது கண்டிப்பானவராகத்தான் இருந்தார். சில வாரங்களிலேயே, இவர்கள் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டு எழுதுகிறார். வந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால், மாசசூசெட்ஸ் ஆட்கள் மட்டும் இல்லை. பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹாயோ, கனடாவிலிருந்துகூட வந்தார்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர்களும் இருந்தார்கள், பிறவியிலேயே சுதந்திரமானவர்களும் இருந்தார்கள். அடிமையாகப் பிறந்து தப்பி, அடிமை ஒழிப்புக்காகப் போராடிய தலைவர் பிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராக ஆள் திரட்டியதோடு நிற்காமல், லூயிஸ், சார்ல்ஸ் என்ற தன் இரண்டு மகன்களையும் சேர்த்துவிட்டார்.

1863 மே 2ஆம் தேதி ஷாவுக்கும் ஆனிக்கும் நியூயார்க்கில் திருமணம். மே 28ஆம் தேதி ரெஜிமென்ட் பாஸ்டன் தெருக்களில் அணிவகுத்துப் போய்க் கப்பல் ஏறியது. சுமார் ஆயிரம் பேர். பீக்கன் தெருவில் ஒரு வீட்டு மாடியில் அவருடைய அம்மாவும் ஆனியும் தங்கைகளும் நின்றிருந்தார்கள். குதிரைமேல் வந்த ஷா அங்கே தலையை நிமிர்த்தி, வாளை உயர்த்தி, அதை முத்தமிட்டுவிட்டுப் போனார். நான் அலுவலகம் போகும் வழி அது. கல்யாணமாகி இருபத்தாறு நாள்தான் என்பது அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

ஏற்றுக்கொண்டது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் தெற்குக் கூட்டமைப்பின் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. கறுப்பினப் படையை நடத்தும் வெள்ளை அதிகாரி பிடிபட்டால், அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டியவன் என்று விசாரித்துக் கொல்லலாம். படையினருக்கோ பிடிபட்டால் மறுபடி அடிமை வாழ்வு, இல்லை தூக்கு.

தெற்கே போய்ச் சேர்ந்ததும் ஜூன் 11இல் ஜார்ஜியாவில் டேரியன் என்ற ஊர். எதிர்க்க ஆளே இல்லாத ஊரைக் கொளுத்தச் சொல்லி மேலதிகாரி மான்ட்கோமரி உத்தரவு போட்டார். ஷாவின் ஆட்களும் அதில் இருந்தார்கள். அவருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. மனைவிக்கு எழுதிக் கொட்டித் தீர்த்தார், தலைமை அலுவலகத்துக்கும் எழுதி, இப்படி எரிக்க உண்மையிலேயே உத்தரவு உண்டா என்று கேட்டார். போருக்குப் பிறகு அந்த ஊர்த் தேவாலயத்தைத் திரும்பக் கட்ட ஷா குடும்பத்தார் பணம் கொடுத்தார்கள்.

அடுத்து சம்பளம். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கும் அதே என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வந்தபிறகு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்துக்கொண்டு கையில் 7. முழுச் சம்பளம் கொடுங்கள், இல்லையென்றால் இவர்களைப் படையிலிருந்து விடுவியுங்கள் என்று ஷா ஜூலை 2ஆம் தேதி ஆளுநருக்கு எழுதினார். படையினர் ஒரு காசுகூட வாங்க மாட்டோம் என்று நின்றார்கள். மிச்சத்தை நாங்கள் போடுகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் சொன்னபோதும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது மூன்று டாலர் ஆறு டாலர் இல்லை, சம மதிப்பு. வீட்டில் மனைவி மக்கள் கஷ்டப்படும்போது ஒன்றரை வருடம் சம்பளமே வாங்காமல் சண்டை போட்டார்கள். ஷா இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான், 1864இல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இறங்கி வந்தது.

வாக்னர் பற்றி எழுதக் கை தயங்குகிறது. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் மோரிஸ் தீவு. அங்கே மணலையும் பனைமரத் துண்டுகளையும் கொண்டு எழுப்பிய கோட்டை வாக்னர். ஜூலை 16இல் ஜேம்ஸ் தீவில் 54ஆவது ரெஜிமென்ட் முதல் சண்டையைப் பார்த்தது. அங்கே எதிரியைத் தடுத்து நிறுத்தி, கனெக்டிகட்டைச் சேர்ந்த வெள்ளைப் படையினரைச் சிக்காமல் காப்பாற்றினார்கள். அன்றிரவே மழையில் சதுப்பு நிலத்தைத் தாண்டி நடை. இரண்டு நாளாகச் சரியான தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. 18ஆம் தேதி மாலை மோரிஸ் தீவுக்கு வந்து சேர்ந்தவுடன் தளபதி ஜார்ஜ் ஸ்ட்ராங், முதல் வரிசையில் போகிறீர்களா என்று கேட்டார். ஷா சரி என்றார்.

அன்று பகல் முழுக்கப் பீரங்கிகளால் கோட்டையை அடித்திருந்தார்கள். உள்ளே ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று மேலே இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆனால் மணல் மூடிய நிலவறைக்குள் சுமார் 1,700 பேர் பத்திரமாக இருந்தார்கள். ஒருபக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் குறுகிக்கொண்டே போகும் மணல். இருட்டும் நேரம். கிளம்புவதற்கு முன் ஸ்ட்ராங் கொடி பிடித்திருந்தவரைக் காட்டி, இவர் விழுந்தால் கொடியை யார் எடுப்பது என்று கேட்டதாகவும், ஷா வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு, நான் எடுக்கிறேன் என்று சொன்னதாகவும் அங்கிருந்தவர்கள் பின்னால் எழுதியிருக்கிறார்கள். குதிரையை அனுப்பிவிட்டு நடந்தே முன்னால் போனார். குண்டு மழைக்கு நடுவே அகழியைக் கடந்து மண்சுவர் மேல் ஏறி, 54ஆவது முன்னே வாருங்கள் என்று கூப்பிட்டபோதே சுடப்பட்டு விழுந்தார்.

போன 600 பேரில் 270 பேருக்கு மேல் செத்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். கொடி கீழே விழப் போனபோது வில்லியம் கார்னி என்ற சார்ஜென்ட் எடுத்தார். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். உடம்பில் பல காயங்களோடு தவழ்ந்தும் மண்டியிட்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். கோட்டை அன்று விழவில்லை. ஆனால் கறுப்பினத்தவர் சண்டை போடுவார்களா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு வடக்கில் இடமில்லாமல் போயிற்று. அந்தச் சண்டையில் பிழைத்த லூயிஸ் டக்ளஸ் இரண்டு நாள் கழித்துத் தன் காதலிக்கு எழுதினார்: கறுப்பினப் படையினர் ஒரு லட்சம் பேர் இருந்தால் இந்தப் போரையே முடித்துவிடுவோம் என்று. போர் முடிவதற்குள் அதைவிட அதிகமானோர் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது மகனிடம் சொல்லுங்கள். படத்தில் இருப்பவருக்கு நண்பர்களின் சாவு ஏற்கெனவே தெரியும்.

பழையபெட்டி எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியதை நானும் மகனும் சேர்ந்து படித்தோம். சம்பளம் வாங்க மறுத்த இடத்தில் அவன் நிறுத்தச் சொல்லி, திரும்பப் படிக்கச் சொன்னான். அவனுக்கு ஒரு கேள்வி: அவருடைய உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்களா? எனக்கு ஒன்று: புகைப்படம் தவிர, அவரை நேரில் பார்த்தவர்கள் வரைந்த அல்லது செதுக்கிய உருவம் எதுவும் இருக்கிறதா?

கடலோரக்காரன் எழுதியது:

தம்பியின் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் சார்ல்ஸ்டனில் இருக்கிறேன்.

கொண்டுவரவில்லை. மறுநாள் கோட்டைக்காரர்கள் ஷாவின் உடலை அவருடைய ஆட்களோடு ஒரே பள்ளத்தில் போட்டு மூடினார்கள். கர்னல் தகுதியில் இருப்பவர் செத்தால் எதிரியானாலும் மரியாதையோடு உடலை ஒப்படைப்பது அப்போதைய வழக்கம். இவருக்கு அதைச் செய்யவில்லை. கறுப்பினத்தவரை நடத்தியதற்காக அவமானப்படுத்துவதாக நினைத்தார்கள்.

செப்டம்பரில் தெற்குப் படை கோட்டையைக் கைவிட்டுப் போகும் நிலை நெருங்கியபோது, உடலை எப்படியாவது தோண்டி எடுத்துவிடலாம் என்று பலர் நினைத்தார்கள். அதற்கு முன்பே ஆகஸ்ட் 24ஆம் தேதி அப்பா பிரான்சிஸ் ஷா அங்கிருந்த வடக்குப் படையின் தளபதி கில்மோருக்குக் கடிதம் எழுதிவிட்டார். படைவீரனுக்கு ஏற்ற இடம் அவன் விழுந்த களம்தான், என் மகன் உடலைத் தேடவோ எடுக்கவோ வேண்டாம், மற்றவர்களையும் தடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன். சாம்பலையாவது கையில் வாங்கிவிட மாட்டோமா என்று தவிப்பவர்கள் நாம். அந்த மனிதர் என் பிள்ளை அவன் தோழர்களோடு இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு மகன் உண்டு. அந்தக் கடிதத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

ஃபாலி பீச்சின் வடகிழக்கு முனைக்குப் போனால் மோரிஸ் தீவு தெரியும். தீவுக்குப் பாலம் கிடையாது. தீவின் பழைய கலங்கரை விளக்கம் கட்டும்போது கரையில்தான் இருந்தது, இப்போது தண்ணீருக்குள் தனியாக நிற்கிறது. துறைமுக வாயிலில் கல்லணைகள் போட்டபிறகு கடல் தீவை அரித்துக்கொண்டே வந்துவிட்டது. வாக்னர் கோட்டை இருந்த மணலும் கடலோடு போய்விட்டது. போருக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கல்லறைகளிலிருந்து எடுத்த உடல்களைப் பியூஃபர்ட் தேசிய மயானத்தில் அடையாளம் தெரியாதவர்களாகப் புதைத்தார்கள். தம்பியை அழைத்துக்கொண்டு ஒருமுறை இங்கே வாருங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்த முனைக்குக் கூட்டிப் போகிறேன்.

பீக்கன்தெரு எழுதியது:

கடலோரக்காரனுக்கு நன்றி. அந்தக் கடிதத்தை நான் சொல்லாமல் விட்டதே நல்லது, நீங்கள் சொன்னதுதான் சரி.

உருவம் பற்றிக் கேட்டதற்கு இரண்டு சொல்கிறேன். முதலாவதைச் செய்தவர் எட்மோனியா லூயிஸ். அப்பா கறுப்பினத்தவர், அம்மா ஓஜிப்வே பழங்குடி வழியில் வந்தவர். சிற்பம் கற்க பாஸ்டனுக்கு வந்த இளம்பெண். 1864இல் புகைப்படங்களை வைத்தே ஷாவின் மார்பளவுச் சிலையைக் களிமண்ணில் பிடித்தார். அதைப் பார்த்த ஷா குடும்பம், சாயல் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டியது. பிளாஸ்டரில் வார்த்த நூறு பிரதிகளை விற்று, அந்தப் பணத்தில் ரோமுக்குக் கப்பல் ஏறினார். பிற்பாடு பளிங்கிலும் அதைச் செய்தார். சகோதரி, உங்கள் படம் விற்ற அதே 1864இல் அவர் இதுபோன்ற படங்களை மேசைமேல் வைத்துக்கொண்டு களிமண்ணை அழுத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். தன் மக்களோடு செத்தவரின் முகத்தைத் தன் விரல்களால் அவர் செய்தார். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இரண்டாவது, நான் சாப்பிட உட்காரும் இடத்தில் இருப்பது. அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பம். 1884இல் வேலை ஒப்படைத்தார்கள், 1897 மே 31இல் திறந்தார்கள். குதிரைமேல் தனியாக ஷாவை வைத்துச் சிலை செய்யத்தான் சிற்பி முதலில் நினைத்தார். பெரிய தளபதிகளுக்குத்தான் அப்படிச் சிலை வைப்பார்கள், எங்கள் பிள்ளை அப்படி இல்லை என்று குடும்பம் தடுத்தது. அதனால்தான் அந்தப் படையினர் உள்ளே வந்தார்கள். கறுப்பின ஆண்கள் நாற்பது பேர் வரை வரவழைத்து உட்காரவைத்து ஒவ்வொரு முகமாகச் செய்தார். கிட்டே போய்ப் பாருங்கள். தாடி வைத்த நடுவயதுக்காரர் ஒருவர், மீசை அரும்பாத பையன் ஒருவன், முன்னால் மேளக்காரச் சிறுவர்கள். ஒருவர் முகம்போல இன்னொருவர் முகம் இருக்காது. சுருட்டிய போர்வை, தண்ணீர்க் குடுவை, சாய்ந்த துப்பாக்கிகள். மழை பெய்தால் அந்தத் தண்ணீர்க் குடுவைகளின் மேல் சொட்டுச் சொட்டாக நின்று, நிஜமாகவே நடந்து வந்து நனைந்தவர்கள் போல இருக்கும்.

திறப்பு விழாவில் கறுப்பினத் தலைவரும் கல்வியாளருமான புக்கர் வாஷிங்டன் பேசினார். வயதான பழைய படையினர் அணிவகுத்து வந்தார்கள். அவர்களில் கார்னியும் உண்டு, கையில் கொடி. அந்தக் கோட்டைச் சுவரில் காட்டிய தீரத்துக்கான நாட்டின் உயரிய வீரப் பதக்கம் அவருக்கு 1900இல்தான் வந்தது, 37 வருடம் கழித்து. கடைசிக் காலத்தில் கார்னி இதே சட்டமன்றக் கட்டடத்தில் செய்தி கொண்டு செல்லும் ஊழியராக வேலை பார்த்தார். தினமும் வாசலில் இறங்கினால் எதிரே அவருடைய கர்னலின் சிற்பம். 1908இல் அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் நடந்த விபத்தில் அடிபட்டு இறந்தார். இதை முதன்முதலில் படித்த அன்று நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். திறந்தபோது சிற்பத்தில் வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. செத்த கறுப்பினப் படையினரின் பெயர் ஒன்றுகூட இல்லை. அவற்றை 1980களில்தான் பின்பக்கக் கல்லில் பொறித்தார்கள். முன்பக்கம் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் வந்தால் மகனைப் பின்பக்கம் அழைத்துப் போய் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் படத்தில் இருப்பவரின் கதை பாதி அங்கேதான் இருக்கிறது.

நூலகவாசி எழுதியது:

"தானே முன்வந்து" என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பீக்கன்தெரு சொல்வதுதான் சரி.

சேர்க்க ஒன்று இருக்கிறது. ஷா செத்தபோது அவர் கையில் இருந்த வாள் கொள்ளை போனது. லண்டனில் வில்கின்சன் செய்தது, மாமா பரிசாகக் கொடுத்தது. 1865இல் அது திரும்பக் கிடைத்துக் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. பிறகு எங்கே போனதென்றே தெரியாமல் இருந்தது. 2017இல் அவருடைய சகோதரியின் வழித்தோன்றல்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது, அலகில் அவருடைய முதலெழுத்துகளோடு. இப்போது மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. பரணையும் பெட்டியையும் காலி செய்யும்போது அவசரப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பழையபெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பாட்டியைப் பார்க்கப் போனோம். மகன்தான் முழுக் கதையையும் அவருக்குச் சொன்னான், அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மூச்சு விடாமல். பாட்டி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எனக்கு உறவு இல்லைதானே, பரவாயில்லை, என் பாட்டியம்மா யாரோ இவருக்காகக் காசு செலவழித்திருக்கிறாள் என்றார். திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பையனிடம் இருக்கட்டும் என்றுவிட்டார்.

படத்தை எப்படிப் பாதுகாப்பது என்று மட்டும் சொல்லுங்கள். தலை ஒரு மூலையில் பெயர்ந்து வருகிறது, ஒட்டலாமா?

பீக்கன்தெரு எழுதியது:

ஒட்ட வேண்டாம், அப்படியே விடுங்கள். அந்தத் தலையால்தான் அது எப்போது விற்றது என்று தெரிகிறது. அமிலம் கலக்காத தாளில் செய்த உறை கடையில் கிடைக்கும், அதில் போட்டு வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் உறை வேண்டாம். பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள். தொடும்போது ஓரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். மகனை அழைத்து வாருங்கள். சிற்பத்தின் பின்பக்கம் நிற்கிறேன்.